மடக்கு சைக்கிளின் மறுபிறவி: ராலி ட்வென்ட்டியின் கதை

ஒரு நிறுவனம் தன் போட்டியாளரை வீழ்த்துவதற்காக ஒரு சைக்கிளைச் செய்தது. அது தோற்றது. அதைச் சரிசெய்து இன்னொன்றைச் செய்தது. அது லட்சக்கணக்கில் விற்றது. பிறகு எல்லோரும் அதை மறந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை! தயாரிப்பு நின்ற பிறகுதான் அந்தச் சைக்கிளுக்கு உண்மையான ரசிகர்கள் கிடைத்தார்கள். பழைய வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ரிம்மை மாற்றி, பிரேக்கை மாற்றி, புது வண்டியையே தோற்கடிக்கும் அளவுக்கு ஓட்டினார்கள்.

அந்தச் சைக்கிளின் பெயர் ராலி ட்வென்ட்டி. பெயரிலேயே இருக்கிறது விஷயம்: 20 அங்குலச் சக்கரம்.

பட்டாளத்தில் பிறந்த யோசனை

மடக்கு சைக்கிள் என்றால் ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1890களிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் ஜெரார் என்ற அதிகாரியின் பெயரில் மடக்கு சைக்கிள் இருந்தது. வண்டி ஓடும் இடத்தில் சிப்பாய் ஓட்டுவான். ஓடாத இடத்தில் அதை மடக்கி முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பான். குதிரைக்குத் தீனி வேண்டும், சைக்கிளுக்கு வேண்டாம். அவ்வளவுதான் கணக்கு.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம் பாராசூட் படைக்காக மடக்கு சைக்கிள்கள் செய்தது. பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு பர்மிங்காம் சிறு ஆயுத நிறுவனம். துப்பாக்கி செய்தவர்கள்தான் சைக்கிளும் செய்தார்கள்.

ஆனால் இவையெல்லாம் பெரிய சக்கர வண்டிகள். நடுவில் கீல் வைத்த சாதாரண சைக்கிள், அவ்வளவே. மடக்கினாலும் அகலம் குறையாது. சின்னச் சக்கரம் வைத்தால் மடக்க வசதிதான், ஆனால் சின்னச் சக்கரம் என்றாலே குழந்தைகள் வண்டி, பெரியவர்களுக்கு ஓடாது என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் ஊறிப்போயிருந்தது. அந்த எண்ணத்தை உடைத்தவர் ஒரு கார் பொறியாளர்.

மோல்டன் தட்டிய கதவு

அலெக்ஸ் மோல்டன் ரப்பர் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1959ல் வந்த மினி காரை அறியாதவர் குறைவு. அந்தக் காரின் ரப்பர் சஸ்பென்ஷன் இவர் வடிவமைத்ததுதான். 1956ல் சூயஸ் நெருக்கடி வந்து பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இவர் கவனம் சைக்கிள் பக்கம் திரும்பியது. ஐம்பது அறுபது வருடமாக சைக்கிள் ஏன் அதே வடிவத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

அவர் கண்டுபிடித்த பதில் எளிமையானது. சின்னச் சக்கரம் மெதுவாக ஓடுவதற்குக் காரணம் அதன் அளவு மட்டுமல்ல, அதில் போடும் தடித்த, காற்றழுத்தம் குறைந்த டயர். மெல்லிய டயரைப் போட்டு அழுத்தத்தைக் கூட்டினால் சின்னச் சக்கரமும் நன்றாக உருளும். ஆனால் அப்படிச் செய்தால் மேடு பள்ளம் எல்லாம் ஓட்டுபவரின் இடுப்பில் இறங்கும். அதற்குத்தான் சஸ்பென்ஷன். சின்னச் சக்கரம், கெட்டியான டயர், ரப்பர் சஸ்பென்ஷன். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும்.

மோல்டன் தன் வடிவத்தை எடுத்துக்கொண்டு போனது நாட்டிங்காமில் இருந்த ராலி நிறுவனத்துக்கு. 1880களில் தொடங்கி, 1950களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் சைக்கிள் செய்த ராட்சத நிறுவனம் அது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் தாத்தாக்கள் வைத்திருந்த, இன்றும் சில வீடுகளில் துடைத்து வைக்கப்பட்டிருக்கும் கறுப்பு ராலி வண்டி அங்கிருந்து வந்ததுதான். ராலி கொஞ்ச காலம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றது.

மோல்டன் சும்மா இருக்கவில்லை. தானே தொழிற்சாலை வைத்தார். 1962ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோல்டன் சைக்கிள் வெளிவந்தது. அடுத்த மாதமே, டிசம்பரில், ஜான் வுட்பர்ன் என்ற பந்தய வீரர் அதை ஓட்டி கார்டிஃபிலிருந்து லண்டன் வரைக்குமான சாதனையை முறியடித்தார். குழந்தை வண்டி என்று சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். தேவை பெருகியதால் பி.எம்.சி. கார் நிறுவனத்தின் தொழிற்சாலையிலும் மோல்டன் வண்டிகள் செய்ய வேண்டி வந்தது.

அவசரத்தில் செய்த பதிலடி

வீட்டு வாசலுக்கு வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பிய கதையாகிவிட்டது ராலிக்கு. என்ன செய்வது? சொந்தமாக ஒரு சின்னச் சக்கர வண்டி செய்தார்கள். 1965ல் வந்த அதன் பெயர் ஆர்.எஸ்.டபிள்யூ. 16. பார்க்க மோல்டன் மாதிரியே நவீனமாக இருந்தது. விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டினார்கள்.

ஆனால் உள்ளே ஒரு பெரிய ஓட்டை. சஸ்பென்ஷன் போட்டால் செலவு, அத்துடன் மோல்டனின் காப்புரிமைச் சிக்கல். அதனால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு, குலுக்கலைத் தாங்க பருத்த பலூன் டயரைப் போட்டார்கள். அதாவது எந்தத் தவறைத் திருத்தி மோல்டன் ஜெயித்தாரோ, அதே தவறை ராலி திரும்பச் செய்தது! வண்டி மெத்தென்று இருந்தது, ஆனால் நகரவில்லை. மிதித்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோசமான அந்த வண்டியும் மோல்டனைப் பாதித்தது. விளம்பர பலமும் ஊருக்கு ஊர் கடையும் இருந்த ராலியோடு ஒரு சிறு நிறுவனம் எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்? 1967ல் மோல்டனின் சைக்கிள் தொழிலை ராலியே வாங்கிவிட்டது. முதலில் வேண்டாம் என்று சொன்னதைப் பிறகு விலை கொடுத்து வாங்கியது.

1968: நடுவழி வண்டி

ஆர்.எஸ்.டபிள்யூ. வண்டியின் குறை ராலியின் உள்ளே இருந்தவர்களுக்கே தெரிந்திருந்தது. அதற்கு மாற்றாக 1968ல் வந்ததுதான் ட்வென்ட்டி.

இதில் புரட்சி எதுவும் கிடையாது. சக்கரத்தை 16 அங்குலத்திலிருந்து 20 ஆக்கினார்கள். பலூன் டயரைத் தூக்கிவிட்டுக் கொஞ்சம் மெல்லிய, அழுத்தம் கூடிய டயர் போட்டார்கள். சஸ்பென்ஷன் இல்லை. நடுவில் பருமனான ஒரே ஒரு குழாய், மேல்பார் கிடையாது. சேலையோ பாவாடையோ வேட்டியோ, எதைக் கட்டிக்கொண்டும் ஏறலாம். சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஏற்றி இறக்கினால் அம்மாவும் ஓட்டலாம், பள்ளிக்கூடப் பையனும் ஓட்டலாம். பின்னால் கேரியர், அதில் கடைக்குப் போய்வர ஒரு பை. கியருக்கு ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று வேக ஹப். சில ஆண்டுகளில் அதே வண்டியின் நடுக்குழாயில் கீல் வைத்து மடக்கு வகையும் வந்தது.

அழகான வண்டி என்று யாரும் சொல்லவில்லை. வேகமான வண்டி என்றும் சொல்லவில்லை. ஆனால் விற்றது. எழுபதுகளில் ராலியின் மிகப் பெரிய விற்பனைகளில் ஒன்றாக நின்றது.

ராலி என்ற பெயரில் மட்டுமல்ல, ட்ரையம்ப், ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்ப்பட்டைகளிலும் இதே வண்டி விற்கப்பட்டது. காரணம், 1960ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய குழுமம் ராலியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு தன் சைக்கிள் தொழில் முழுவதையும் அதன் நிர்வாகத்தில் விட்டது. எல்லாப் பெயரும் ஒரே கூரைக்கு வந்துவிட்டன. இந்தப் பெயர்கள் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கத்தான் வேண்டும். அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949ல் சென்னையில் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.வும் நாட்டிங்காம் ட்வென்ட்டிக்கு ஒருவகையில் பங்காளிகள்.

கொட்டகைக்குப் போன காலம்

எண்பதுகள் வந்தன. பிள்ளைகளுக்கு பி.எம்.எக்ஸ். பைத்தியம் பிடித்தது. பெரியவர்கள் மலைச் சைக்கிள் பக்கம் போனார்கள். கடைக்குப் போக கார் வந்துவிட்டது. எண்பதுகளின் நடுவில் ட்வென்ட்டியின் கதை முடிந்தது.

மடக்கு சைக்கிள் உலகத்திலும் புதியவர்கள் வந்தார்கள். லண்டனில் ஆண்ட்ரூ ரிட்ச்சியின் பிராம்ப்டன் வந்தது. லேசர் இயற்பியல் படித்த டேவிட் ஹான் 1982ல் டாஹோன் நிறுவனத்தைத் தொடங்கினார். இவற்றின் பக்கத்தில் ட்வென்ட்டியை மடக்கி வைத்தால் பரிதாபமாக இருக்கும். பிராம்ப்டன் ஒரு பெட்டிக்குள் போகும். ட்வென்ட்டி இரண்டாக மடிந்து, பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். எடையும் 15 கிலோவைத் தாண்டும். ரயிலில் தூக்கிக்கொண்டு ஏறினால் மூச்சு வாங்கும்.

அப்படியானால் இதைத் தேடி வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்கள்? மூன்று காரணங்கள்.

ஒன்று, விலை. லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வண்டி என்பதால் பழைய சாமான் விற்கும் எல்லா இடத்திலும் கிடைத்தது. பல வண்டிகள் அதிகம் ஓடாமலே கொட்டகைக்குப் போனவை.

இரண்டு, சட்டம். அந்தப் பருத்த நடுக்குழாயும் அதன் கீலும் மடக்கு சைக்கிள்களில் அபூர்வமான உறுதி கொண்டவை. எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நெளியாது.

மூன்றாவது காரணம்தான் சுவாரசியமானது. ட்வென்ட்டியை ஓரங்கட்டிய அதே பி.எம்.எக்ஸ். மோகம்தான் அதற்கு உயிர் கொடுத்தது. பி.எம்.எக்ஸ். வண்டிகளுக்கும் 20 அங்குலச் சக்கரம். அதற்காக உலகம் முழுக்க நல்ல அலுமினிய ரிம்கள், நல்ல டயர்கள், நல்ல பிரேக்குகள் சந்தைக்கு வந்தன. அவற்றைப் பழைய ட்வென்ட்டியில் பொருத்தினால்?

ஷெல்டன் பிரவுன் போட்ட வழி

இந்தக் கேள்வியை எல்லோருக்கும் புரியும்படி எழுதியவர்களில் முக்கியமானவர் ஷெல்டன் பிரவுன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்த மெக்கானிக். சைக்கிளைப் பற்றித் தனக்குத் தெரிந்த அத்தனையையும் இணையத்தில் இலவசமாக எழுதி வைத்தவர். அமெரிக்காவில் பைக் ஃப்ரைடே என்றொரு உயர்ரக மடக்கு சைக்கிள் உண்டு, பயணத்துக்குப் பேர் போனது. ட்வென்ட்டியை அவர் ஏழைகளின் பைக் ஃப்ரைடே என்று வர்ணித்தார். அந்த ஒரு வார்த்தை பல கொட்டகைக் கதவுகளைத் திறக்க வைத்தது.

பழைய ட்வென்ட்டியை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயின்ட் அல்ல, பின் சக்கரத்தின் ஹப். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பின் மேல் அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். துடைத்துப் பார்த்தால் வண்டியின் ஜாதகம் தெரிந்துவிடும் (யாரும் சக்கரத்தை மாற்றாமல் இருந்தால்!). அடுத்து கீல். பூட்டிய பிறகு ஆட்டிப் பார்த்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. துருவைத் தேய்க்கலாம், டயரை மாற்றலாம். கீல் தேய்ந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம். ஓடும்போது நடுவில் மடியும் சைக்கிளில் மிச்சம் பிடிக்கும் பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். மூன்றாவது, சீட் கம்பி. பல வருடம் அசையாமல் இருந்தால் துருவோடு சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். விலை பேசுவதற்கு முன்பே அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வாங்கியாகிவிட்டது. இனி மாற்ற வேண்டியவை.

முதல் வேலை பிரேக்

ட்வென்ட்டியின் மூல ரிம் குரோம் பூசிய எஃகு. வெயிலில் பரவாயில்லை. மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பிடித்தாலும் வண்டி நிற்காது. அந்தக் காலத்து எஃகு ரிம் சைக்கிள்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. அலுமினிய ரிம் ஈரத்திலும் பிடிக்கும், எடையும் குறைவு. அதனால் பெயின்ட், ஹேண்டில்பார், புது சீட் எல்லாவற்றுக்கும் முன்னால் ரிம்மை மாற்று என்பதே இந்த வேலையில் கை தேர்ந்தவர்கள் சொல்லும் பாடம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 20 அங்குலம் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே அளவு அல்ல! பிரிட்டனில் விற்ற பெரும்பாலான ட்வென்ட்டிகளில் டயர் உட்காரும் ரிம் விட்டம் 451 மி.மீ. சாதாரண பி.எம்.எக்ஸ். ரிம்மில் அது 406 மி.மீ. இரண்டுக்கும் 45 மி.மீ. வித்தியாசம். 406 ரிம் போட்டால் டயர் வகை நிறையக் கிடைக்கும். ஆனால் ரிம் விளிம்பு 22 மி.மீ.க்கும் சற்றுக் கூடுதலாக உள்ளே தள்ளிப் போய்விடும், பழைய பிரேக் கட்டை எட்டாது. எனவே கை நீளமான பிரேக் வேண்டும். ரிம்மை மட்டும் வாங்கிவிட்டு பிரேக்கை மறந்தவர்கள் பலர்.

கழுத்தும் கியரும்

ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் சாதாரண சைக்கிளில் மேலும் கீழும் பால்ரஸ் குண்டுகள் இருக்கும். ட்வென்ட்டியில் கீழே குண்டு, மேலே வெறும் பிளாஸ்டிக் வளையம். ராலி வேண்டுமென்றே ஹேண்டிலைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்தது. சின்னச் சக்கரம் சட்டென்று திரும்பும், புதிதாக ஓட்டுபவர் பயப்படக் கூடாதே என்று. பழகியவர்களுக்கு அந்த இறுக்கம் பெரிய தொல்லை. ஆகவே பிளாஸ்டிக்கைக் கழற்றி மேலேயும் குண்டு வைக்கிறார்கள். ஆனால் ராலி தன் மரைகளை அங்குலத்துக்கு 26 சுற்று என்று தனக்கென வைத்திருந்தது. மற்றவர்கள் வைத்தது 24. வெளிச்சந்தைப் பொருள் நேராகப் பொருந்தாது. பெடல் அச்சு உட்காரும் இடத்திலும் இதே தலைவலி. பலர் பழைய கிண்ணங்களை அப்படியே விட்டுவிட்டு அச்சை மட்டும் மாற்றி, காட்டர் பின் அடிக்கும் கிராங்கிலிருந்து விடுதலை பெறுகிறார்கள்.

கியர் விஷயத்தில் செலவு குறைவு, பலன் அதிகம். அந்த மூன்று வேக ஹப்பில் நடு கியர் நேரடியாகச் சுற்றும். கீழ் கியர் அதில் நான்கில் மூன்று பங்கு, மேல் கியர் மூன்றில் நான்கு பங்கு. உதாரணத்துக்கு, முன்னால் 46 பல், பின்னால் 16 பல் என்றால் ஒரு மிதிக்கு நடு கியரில் வண்டி சுமார் 4.6 மீட்டர் போகும். கீழ் கியரில் 3.4, மேல் கியரில் 6.1. சமதரையில் சரி. மேட்டில் நாக்குத் தள்ளும். பின் பல்சக்கரத்தை மட்டும் 20 பல்லாக மாற்றினால் இவை 2.8, 3.7, 4.9 ஆகிவிடும். அந்தப் பல்சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரே ஒரு கம்பி வளையம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். கால் மணி நேர வேலையில் மேடு ஏறும் வண்டி கிடைத்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஹப்பில் நடு கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் எதிலும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. கேபிள் சரியாக இழுக்கப்படாமல், எழுந்து நின்று மிதிக்கும்போது கியர் அதில் விழுந்தால் கால் காற்றில் போகும், ஆள் பாருக்கு மேல் போவார். எனவே கேபிளைச் சரிபார்க்காமல் சாலைக்கு எடுத்துப் போகக் கூடாது.

மாற்றலாமா, கூடாதா?

பழைய பொருள்களைச் சேகரிப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. இப்படி ரிம், பிரேக், கிராங்க் என்று ஒவ்வொன்றாக மாற்றினால் கடைசியில் மிஞ்சுவது ட்வென்ட்டியா? வரலாற்றை அழிப்பதாகாதா?

நியாயமான கேள்விதான். கழற்றிய பொருள்களை எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வைப்பது நல்ல பழக்கம். சட்டத்தை அறுக்காமல், ஒட்டாமல் செய்யும் மாற்றங்களை என்றைக்கும் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் ட்வென்ட்டி அரண்மனைப் பொருள் அல்ல. காய்கறி வாங்கப் பிறந்த வண்டி. அது லட்சக்கணக்கில் இருந்தது, இருந்தும் பெரும்பாலானவை பழைய இரும்புக்குத்தான் போயின. அப்படியே பாதுகாத்த வண்டிகளைவிட, மாற்றி ஓட்டியதால் இரும்புக் கடையிலிருந்து தப்பிய வண்டிகள் அதிகமாகத்தான் இருக்கும்.

இந்த வண்டியைப் பெற்றவர்களின் கதி என்ன? ஸ்டர்மி ஆர்ச்சர் 2000ல் திவாலாகி, பெயரும் இயந்திரங்களும் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்துக்குப் போயின. நாட்டிங்காமில் ராலி சட்டம் செய்வது 1999லும், வண்டி பூட்டுவது 2002லும் நின்றது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த ராலி நிலத்தின் ஒரு பகுதியில் இன்று நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் நிற்கிறது. ஷெல்டன் பிரவுன் 2008ல் காலமானார். மோல்டன் 2012ல்.

செய்த தொழிற்சாலை இல்லை, செய்தவர்களில் பலர் இல்லை. ஆனால் 1970களில் செய்த ஹப் ஒன்றைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மூடினால் அது மறுபடியும் டிக் டிக் என்று ஓடுகிறது. கழற்ற முடிகிற மாதிரி செய்யப்பட்டதால்தான் அது சாத்தியமாயிற்று. இன்று கடையில் வாங்கும் பொருள்களில் எத்தனை, செய்தவன் கடையைச் சாத்திவிட்டுப் போன பிறகும் இப்படி ஓடும்?